எம்பிஏ படித்துவிட்டு மக்கள் பணிக்கு மாறலாமா?

வாசகியின் கேள்வி: எனக்கு 29 வயது. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம். பொறியியல் முடித்துவிட்டு ஏழு வருடமாகச் சென்னை ஓஎம்ஆரில் ஒரு ஐடி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு கிளெய்ம் சாஃப்ட்வேர் செய்யும் டீமில் லீட். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது லீவு போட்டு ஊருக்குப் போய் நிவாரண வேலையில் சேர்ந்துகொண்டேன். ஒரு கல்யாண மண்டபத்தில் பிஸ்கட்டும் போர்வையும் கூரை வரைக்கும் கிடந்தன. நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் கேன் இல்லை. அதற்குப் பிறகு என் வேலையில் மனம் ஒட்டவில்லை. எம்பிஏ படித்துவிட்டு மக்களுக்குப் பயன்படும் பணிக்கு மாற நினைக்கிறேன். அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார். அம்மா, முதலில் கல்யாணம் என்கிறார். விண்ணப்பக் கட்டுரையின் வரைவை இணைத்திருக்கிறேன். எம்பிஏ சரியான வழிதானா? ஆபீஸில் எப்போது சொல்வது?

பதில்:

உங்கள் கடிதம் நன்றாக இருக்கிறது. கட்டுரை நன்றாக இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் பெரிய கேள்வி.

"மக்கள் பணி" என்று கடிதத்தில் பல இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். எந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்யப்போகும் பணி என்று ஓரிடத்திலும் இல்லை. மாவட்ட ஆட்சியராக வேண்டுமா? அரசு நிறுவனம் ஒன்றில் மேலாளராக வேண்டுமா? தொண்டு நிறுவனமா? அரசுக்கு ஆலோசனை சொல்லும் கம்பெனியா? ஒவ்வொன்றுக்கும் வாசல் வேறு. சிலவற்றுக்கு எம்பிஏ தேவையே இல்லை.

மனதின் ஓரத்தில் ஆட்சியர் நாற்காலி இருக்கிறது என்றால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அதற்கு எம்பிஏ வழி கிடையாது. யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வில் எந்தப் பட்டமும் ஒன்றுதான். மேனேஜ்மென்ட் ஒரு விருப்பப் பாடமாக இருக்கிறது, அவ்வளவே. வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 32, ஓபிசிக்கு 35, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 37. இந்த வருடம் விண்ணப்பித்து, அடுத்த வருடம் சேர்ந்து, ஒரு வருடப் படிப்பாகவே இருந்தாலும் முடித்து வெளியே வரும்போது உங்களுக்கு 31 ஆகியிருக்கும். தேர்வுக்குத் தயாராகும் வருடங்களை எம்பிஏ தின்றுவிடும். இரண்டையும் ஒருசேர ஆசைப்பட முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதை நிம்மதியாக மறந்துவிடுங்கள்.

தனியார் துறையில் அனுபவம் பெற்றுவிட்டு நேரடியாக மத்திய அரசில் மேல்பதவியில் நுழையும் லேட்டரல் என்ட்ரி பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். 2018-இல் பத்து இணைச் செயலாளர் பதவிகளுக்கு அறிவிப்பு வந்தபோது பலர் கனவு கண்டார்கள். 2024 ஆகஸ்டில் 45 பதவிகளுக்கு யுபிஎஸ்சி விளம்பரம் செய்து, இடஒதுக்கீடு இல்லை என்ற எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடாதீர்கள்.

சரி, ஆட்சியர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மேலாண்மைப் படிப்புக்கும் மக்கள் பணிக்கும் உண்மையில் சம்பந்தம் உண்டா? உண்டு. நீங்கள் பார்த்த அந்தக் கல்யாண மண்டபமே சாட்சி. அங்கே மனிதாபிமானத்துக்குக் குறைவில்லை, பொருளுக்கும் குறைவில்லை. எந்த ஊருக்கு எது எவ்வளவு வேண்டும், எங்கே எவ்வளவு கையிருப்பு, எந்த வண்டி எந்தச் சாலையில் போகும் என்ற கணக்குதான் யாரிடமும் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வாரத்தில் அந்தக் கணக்கைப் போடுவது சிரமம் என்பது வேறு விஷயம். ஆனால் அப்படிப்பட்ட கணக்கை அன்றாடம் போடும் ஓர் அரசு நிறுவனம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-இல் தொடங்கினார்கள். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை, பிராண்ட் பெயரில் இல்லாமல் மூலப்பெயரில், மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறார்கள். மருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போகாது. மாவட்டங்களில் உள்ள கிடங்குகளுக்கு வரும். ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, தேறினால்தான் வெளியே விடுவார்கள். அடுத்த ஏற்பாடுதான் எனக்குப் பிடித்தது: ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். வருடத்துக்கு இவ்வளவு ரூபாய் மருந்து எடுக்கலாம் என்று ஒதுக்கிவிடுவார்கள். எடுக்க எடுக்க அதில் கழித்துக்கொண்டே வருவார்கள். எந்த மருந்து எவ்வளவு என்பதை ஆஸ்பத்திரி தன் தேவையைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். மேலே இருந்து யாரோ அனுப்பியதை வாங்கி வைத்துக்கொண்டு, காலாவதியானதும் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதில்லை. தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கு தெரிந்த எவருக்கும் புரியும் ஏற்பாடு. ராஜஸ்தான் உட்படப் பிற மாநிலங்கள் வந்து பார்த்து இதையொட்டிக் கழகங்கள் அமைத்தன.

கொள்முதல், கையிருப்பு மேலாண்மை, தரக் கட்டுப்பாடு, பட்ஜெட் என்று பிசினஸ் ஸ்கூலில் தனித்தனித் தாள்களாக நடத்துவது எல்லாம் அந்த ஒரு பாஸ்புக்குக்குள் இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இன்னொரு உதாரணம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது, 1993-இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் பாடமாகவே ஆனது. அதன் நிர்வாகத்தைப் பல ஆண்டுகள் தூக்கி நிறுத்திய ஆர்.டி. துளசிராஜ் மருத்துவர் அல்ல, ஐஐஎம் கல்கத்தாவில் படித்தவர். ஐஐஎம் அகமதாபாத்தின் முதல் முழுநேர இயக்குநரான ரவி மத்தாயே பதவியை விட்டு இறங்கியபின் ராஜஸ்தானில் ஜவாஜா என்ற வறண்ட பகுதிக்குப் போய் நெசவாளர்களோடும் தோல் தொழிலாளர்களோடும் வேலை செய்தார். இந்தப் பக்கம் வருவதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை.

இனி உங்களிடம் வருகிறேன். கடிதத்தில் ஒரு வரியை வேண்டாவெறுப்பாக எழுதியிருக்கிறீர்கள்: "கிளெய்ம் சாஃப்ட்வேர் செய்யும் டீமில் லீட்." அந்த ஏழு வருடத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு ஆளாகப் பிறக்க ஆசைப்படுவது போல இருக்கிறது. நான் அந்த வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ன செய்கிறது? 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் என்ன செய்கிறது? ஏழைக் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவு. அதற்குப் பின்னால் ஓடுவது என்ன? ஆஸ்பத்திரி முன் அனுமதி கேட்கிறது. ஒருவர் கோப்பைப் பார்த்து ஒப்புதல் கொடுக்கிறார் அல்லது மறுக்கிறார். சிகிச்சை முடிந்ததும் கிளெய்ம், அதாவது பணம் கேட்கும் கோரிக்கை, வருகிறது. அந்தச் சிகிச்சைக்கு மொத்தமாக நிர்ணயித்த பேக்கேஜ் கட்டணம் சரியா, இல்லாத நோயாளிக்கு பில் போட்டிருக்கிறார்களா, ஒரே எக்ஸ்ரே இரண்டு பேர் பெயரில் வந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நீங்கள் தினமும் அமெரிக்கர்களுக்குச் செய்வது இதைத்தானே? ப்ரீ-ஆத் (முன் அனுமதி), அட்ஜுடிகேஷன் (கிளெய்மைப் பரிசீலித்து முடிவு செய்வது), டினையல் கோடு (மறுப்புக்கான காரணக் குறியீடு), மோசடிக் கண்டுபிடிப்பு எல்லாம் உங்களுக்குத் தூக்கத்தில் தெரியும். ஒரு கிளெய்ம் ஏன் மறுக்கப்பட்டது என்பது ஆவணத்தில் எங்கே தொலைந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கும் ஆள் நீங்கள். தென்காசிப் பக்கத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் இதய அறுவை சிகிச்சைக்கான முன் அனுமதி மூன்று நாள் இழுப்பது, ஏதோ ஒரு திரையில் ஏதோ ஒரு கட்டம் நிரப்பப்படாததால் இருக்கலாம். அந்தத் திரையை உங்களுக்குத் தெரியும்.

ஆக, நீங்கள் தொழில் மாற வேண்டியதில்லை. யாருக்காக அதைச் செய்கிறீர்கள் என்பதை மாற்றினால் போதும். இது சமாதானத்துக்காகச் சொல்வது அல்ல. விண்ணப்பத்தைப் படிக்கிறவர் கண்ணுக்கும் இதுதான் முதலில் படும்.

அப்படியானால் உங்களிடம் என்ன இல்லை? அரசாங்கம் உள்ளே எப்படி நகர்கிறது என்பது தெரியாது. ஒரு குறிப்பு கோப்பாகி, நிதித்துறைக்குப் போய், கேள்வியோடு திரும்பி வந்து, மறுபடி போய், அரசாணையாக வெளிவரும் பயணம் ஐடி கம்பெனியில் பிடிபடாது. 1998-ஆம் வருடத்து டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் ஒரு சாஃப்ட்வேர் வாங்குவது என்பது கிரெடிட் கார்டு தேய்ப்பது அல்ல. பேக்கேஜ் கட்டணத்தை நிர்ணயிக்க ஆஸ்பத்திரி செலவுக் கணக்கு தெரிய வேண்டும், அதுவும் உங்களுக்கு இல்லை. பின்னது பிசினஸ் ஸ்கூலில் கிடைக்கும். முன்னது கிடைக்காது, உள்ளே போய் உட்கார்ந்தால்தான் வரும்.

அதனால் என் பரிந்துரையின் வரிசை இது: முதலில் உள்ளே ஒரு காலை வையுங்கள், படிப்பு அப்புறம். 2022-இல் தொடங்கிய தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இரண்டு வருடம். திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம்தான் கல்விப் பங்காளி. அரசுத் துறைகளில் வேலை, கூடவே பொதுக்கொள்கை மேலாண்மையில் சான்றிதழ், உதவித்தொகையும் உண்டு. பிசினஸ் ஸ்கூலும் அரசும் ஒரே இடத்தில், கடன் இல்லாமல். வயது வரம்பு பொதுவாக 30, பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியலினத்தவருக்கும் தளர்வு உண்டு. உங்களுக்கு நேரம் குறைவு, அடுத்த அறிவிப்பு வருகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். மத்திய அரசு 2020-இல் ஐஐஎம் பெங்களூரோடு சேர்ந்து தொடங்கிய மகாத்மா காந்தி தேசிய ஃபெலோஷிப்பும் இதே ஜாடைதான், அதற்கும் வயது 30 வரை என்று இருந்தது; இப்போதும் ஆள் எடுக்கிறார்களா என்று பாருங்கள். இவை வாய்க்காவிட்டால் மருத்துவக் காப்பீடு, டிஜிட்டல் சுகாதாரம் சார்ந்த அரசுத் திட்டங்களில் ஒப்பந்த வேலைகள் வரும். சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறையும், ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்கப்படும். தலைமையகத்தில் மூலையில் ஒரு மேசை, நாலு லேப்டாப், செயலரின் ஆய்வுக் கூட்டத்துக்கு முந்தின ராத்திரி பிபிடி. கவர்ச்சியான வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோப்பு எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பது ஆறு மாதத்தில் புரிந்துவிடும்.

இல்லை, இந்த வருடமே படிக்கத்தான் போகிறேன் என்றால் எந்தப் படிப்பு என்பதில் கவனம் வேண்டும். ஐஐஎம் நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதிச் சேரும் இரண்டு வருடப் படிப்பில் உங்கள் பெஞ்சில் 22, 23 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். உங்கள் அனுபவத்துக்கு ஒரு வருடப் படிப்புகள்தான் பொருத்தம்: ஐஐஎம் அகமதாபாத்தின் பிஜிபிஎக்ஸ், பெங்களூரின் இபிஜிபி, ஹைதராபாத் - மொஹாலியில் உள்ள ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) நடத்தும் பிஜிபி. இவற்றுக்கு ஜிமேட் (GMAT) என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண் போதும். இப்போதைய ஜிமேட் இரண்டே கால் மணி நேரம், மூன்று பகுதி. நாலைந்து மாதம் ஒழுங்காகப் படித்தால் பொறியாளருக்குக் கணக்கு பயமில்லை, ஆங்கில வாசிப்புப் பகுதிதான் சோதிக்கும். மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும் என்பதால் இப்போதே எழுதி வைத்துக்கொள்வது வீண் போகாது.

எம்பிஏ என்ற பெயர் இல்லாத படிப்புகளையும் பாருங்கள். வர்கீஸ் குரியன் 1979-இல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய இர்மா என்ற ஊரக மேலாண்மைக் கல்வி நிறுவனம், கூட்டுறவு நிறுவனங்களுக்கும் கிராமப்புறத்துக்கும் மேலாளர்களை உருவாக்கவே பிறந்தது. 2025-இல் அது திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகம் ஆகியிருக்கிறது. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் பொதுக்கொள்கை முதுகலை இருக்கிறது. அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தில் உதவி செய்கிறது, கண்டக்டர் மகளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. வெளிநாடு என்றால் சிங்கப்பூர் லீ குவான் யூ பொதுக்கொள்கைப் பள்ளி நம் ஆட்களுக்குப் பக்கம். அமெரிக்காவில் யேல் மேலாண்மைப் பள்ளி, பொதுப்பணிக்குப் போகும் தன் பட்டதாரிகளின் கடனில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும் திட்டம் வைத்திருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகளிடம் அப்படி ஏதும் உண்டா என்று விண்ணப்பிக்கும் முன் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஏனென்றால் மக்கள் பணிக் கனவை அதிகம் கொல்வது கடன்தான். நான் சொன்ன ஒரு வருடப் படிப்புகளின் கட்டணம் 30 லட்சத்தைத் தாண்டும். 30 லட்சம் கடனை 9 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 38,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி அதற்கு மேல். அரசுத் திட்டத்தில் ஒப்பந்தச் சம்பளம் வாங்கும் ஒருவர் இதைக் கட்டிவிட்டு வாடகையும் கொடுக்க முடியுமா? முடியாது. "மூன்று வருடம் கன்சல்டிங் கம்பெனியில் சம்பாதித்துக் கடனை அடைத்துவிட்டு மக்கள் பணிக்கு வருவேன்" என்று கிளம்பியவர்களை எனக்கு நிறையத் தெரியும். நல்லவர்கள், பொய் சொன்னவர்கள் இல்லை. அந்த மூன்று வருடத்துக்குள் வீட்டுக் கடன் வந்துவிடும், குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் வந்துவிடும். திரும்பி வந்தவர்கள் குறைவு. அந்த வழிதான் என்றால், அரசுத் துறைகளுக்கு வேலை செய்யும் பிரிவு உள்ள கம்பெனியாகப் பார்த்துச் சேருங்கள், பாதை முழுதாக மாறிப்போகாது.

அப்பாவிடம் சொல்லுங்கள், வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்க வேண்டாம். ஐஐஎம், ஐஎஸ்பி போன்ற இடங்களுக்கு ஸ்டேட் வங்கியின் ஸ்காலர் லோன் மாதிரியான, அடமானம் இல்லாத கடன்கள் உண்டு. ஓய்வுபெற்றவரின் ஒரே சொத்தைப் பணயம் வைத்துக்கொண்டு குறைந்த சம்பள வேலைக்குப் போகும் துணிச்சல் உங்களுக்கு வராது. வரவும் கூடாது.

இப்போது கட்டுரை. "சிறு வயது முதலே சமுதாயத்துக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற வேட்கை என்னுள் கனன்றுகொண்டிருந்தது" என்று தொடங்குகிறீர்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர் அன்று காலையிலேயே இதே கனலைப் பல கட்டுரைகளில் பார்த்திருப்பார். அந்தப் பத்தியை முழுதாக எடுத்துவிடுங்கள். கல்யாண மண்டபத்தில் தொடங்குங்கள். அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை, அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். பட்டியல் போட்டீர்களா? வாட்ஸ்அப் குரூப்பில் ஊர்வாரியாகத் தேவையைச் சேகரித்தீர்களா? லாரிக்காரரிடம் பேசினீர்களா? செய்தது சின்னதாக இருந்தாலும் செய்தபடியே எழுதுங்கள், பெருக்க வேண்டாம். அடுத்த பத்தியில் கிளெய்ம் அனுபவம். மூன்றாவதில், படித்து முடித்ததும் எந்த அமைப்பில் எந்த வேலை என்பது. "சுகாதாரத் துறையில் மாற்றம்" என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். "மாநில மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முன் அனுமதி தாமதத்தைக் குறைக்கும் வேலை" என்று எழுதினால் நேர்காணலில் அதைப் பற்றியே கேட்பார்கள். அது உங்கள் களம்.

நேர்காணலில் மூன்று கேள்வி நிச்சயம். ஏன் யுபிஎஸ்சி எழுதவில்லை? இவ்வளவு ஆர்வம் இருந்தால் நாளைக்கே ஒரு தொண்டு நிறுவனத்தில் சேரலாமே, எம்பிஏ எதற்கு? மூன்றாவதை நாசூக்காகக் கேட்பார்கள்: குறைந்த சம்பள வேலைக்குப் போகப்போகிறவருக்கு ஏன் சீட் தர வேண்டும்? பள்ளிகள் சமூகத் தாக்கம் பற்றி அழகாகப் பேசும், ஆனால் தரவரிசைப் பட்டியல்களில் பட்டதாரிகளின் சம்பளத்துக்குப் பெரிய எடை என்பதை மறக்காதீர்கள். அதற்கு உணர்ச்சிவசப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது. "எனக்குச் செலவுக் கணக்கும் கொள்முதலும் தெரியாது, இந்தந்தப் பாடங்கள் இங்கே இருக்கின்றன, கடனை இப்படி அடைக்கிறேன்" என்று எண்களோடு சொல்லுங்கள். முதல் கேள்விக்கு, "தேர்வை விட இந்தக் குறிப்பிட்ட வேலைதான் எனக்கு வேண்டும்" என்பது நேர்மையான பதில். உங்கள் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

கல்யாணம் பற்றி நான் ஆலோசனை சொல்ல ஆளில்லை. வரன் பார்க்கும்போதே சம்பளம் குறையப்போகிறது என்பதைச் சொல்லிவிடச் சொல்லுங்கள். அதைக் கேட்டதும் எழுந்து போகிறவர் போகட்டும்.

ஆபீஸில் இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம். ஜிமேட் மதிப்பெண் கைக்கு வந்தபின், பரிந்துரைக் கடிதத்துக்காக மட்டும் ஒருவரிடம் சொல்லுங்கள். பெரிய பதவியில் இருப்பவர் வேண்டாம், உங்கள் வேலையைக் கிட்டே இருந்து பார்த்தவராக இருக்கட்டும். கிளெய்ம் பிரச்சினை ஒன்றை நீங்கள் தீர்த்ததை அவர் ஒரு பத்தி எழுதினால் போதும். ராஜினாமா கொடுப்பது, சேர்க்கை உறுதியாகிக் கடனும் அனுமதியான பிறகுதான். நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம் என்றால் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று: ஃபார்ம் 16, சம்பளச் சீட்டுகள், பதவி உயர்வுக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஆபீஸ் சிஸ்டத்திலிருந்து உங்கள் சொந்த மெயிலுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். வேலையை விட்ட பிறகு அந்த போர்ட்டல் திறக்காது.